முப்பத்தேழு 'நல்லாயிருக்கு'

அன்புள்ள ஐயா,

நான் உளவியல் பட்டதாரி. மோல்மீனிலிருந்து ரங்கூனுக்கு வந்து ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மளிகைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களின் பற்று வரவைக் கைப்பேசியிலேயே எழுதிக்கொள்வதற்கு நாங்கள் ஒரு செயலி செய்தோம். வெளியிடுவதற்கு முன் நானே 40 கடைகளுக்குப் போனேன். பெரும்பாலும் நம்மவர் கடைகள். செயலியைக் காட்டி, எளிதாக இருக்கிறதா, பயன்படுத்துவீர்களா என்று கேட்டேன். 37 பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 4 கடைகளில்தான் அது புழக்கத்தில் இருக்கிறது. பொத்தான்களை நீலமாக்க வேண்டும், முகப்பில் ஏழு தெரிவுகளுக்கு மேல் வைக்கக் கூடாது, அதுதான் உளவியல் என்கிறார் எங்கள் மேலாளர். நான் படித்த உளவியலுக்கும் இந்த வேலைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

ம., ரங்கூன்

அன்புள்ள ம.,

தொடர்பு நிறையவே உண்டு. ஆனால் அது பொத்தானின் நிறத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, அந்த 40 கடைகளின் வாசலிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

வெயிலில் நடந்து வந்த, தமிழ் பேசுகிற, படித்த பெண் ஒருத்தி கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நாங்கள் செய்தது இது, எளிதாக இருக்கிறதா?" என்று கேட்டால், கடைக்காரர் "நல்லாயிருக்கும்மா" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? அடுத்தவர் மனம் நோகக் கூடாதே, நம்மால் அவருக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று பின்வாங்கும் கூச்சத்தைப் பர்மியர்கள் 'ஆனாடே' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து நாமும் அதைப் பழகிக்கொண்டோம்; போதாததற்கு நம்முடைய முகதாட்சணியம் வேறு இருக்கிறது. உங்கள் நோட்டில் இருப்பவை செயலிக்குக் கிடைத்த 37 மதிப்பெண்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவை உங்களுக்குக் கிடைத்த மரியாதை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பலவீனமும் அல்ல. பெங்களூரில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான இரண்டு படைப்புகளைக் காட்டி, அவற்றில் ஒன்றைக் கேள்வி கேட்பவரே செய்தார் என்று நம்ப வைத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டுக்கும் வேறுபாடே இல்லாதபோதும், கேட்பவர் செய்தது என்று எண்ணியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளராக இருந்தபோது அது 5 மடங்காக உயர்ந்தது. ஆகவே அடுத்த முறை போகும்போது, இதைச் செய்தவர்கள் வேறு யாரோ என்பதுபோலப் பேசுங்கள்; அல்லது இரண்டு மாதிரிகளைக் கொண்டுபோய், இரண்டில் எது தொல்லை தருகிறது என்று கேளுங்கள். குறை சொல்வதற்கு அனுமதி கிடைத்தால்தான் நம் ஆட்கள் குறை சொல்வார்கள்.

கேள்வியின் சொல்லிலும் பதில் ஒளிந்திருக்கிறது. 1974இல் லோஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் கார்கள் மோதும் படத்தைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டபோது, 'இடித்தன' என்ற சொல்லைக் கேட்டவர்களைவிட 'நொறுங்க மோதின' என்ற சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள் என்று நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். "எளிதாக இருக்கிறதா?" என்ற கேள்வியில் 'எளிது' முதலிலேயே உட்கார்ந்திருக்கிறது. "பயன்படுத்துவீர்களா?" என்பது அதைவிட மோசம், வருங்காலத்தைப் பற்றி வாக்குக் கொடுப்பதற்கு யாருக்கும் செலவில்லை.

சரி, காரணத்தையே கேட்டுவிடலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. வேறுபாடே இல்லாத நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே மிகப் பலர் எடுத்தார்கள். ஆனால் ஏன் என்று கேட்டபோது, அது இருந்த இடத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. ஒருவர் பொய் சொல்லாமலே தவறான காரணத்தைச் சொல்ல முடியும் என்பதால்தான், "ஏன் பயன்படுத்தவில்லை?" என்று இப்போது திரும்பிப் போய்க் கேட்பதிலும் பெரிய பயன் இருக்காது. "நேரமில்லைம்மா" என்பார்கள். அதையும் நீங்கள் குறித்துக்கொண்டு வருவீர்கள்.

நான் இதைப் புத்தகத்தில் கற்றேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு கணக்குச் செயலிக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் வேலை செய்தபோது, நானும் உங்களைப் போலவே வினாத்தாளோடு அலைந்து, உங்களைப் போலவே ஏமாந்தேன். பிறகு ஒருநாள், அரிசியும் பருப்பும் விற்கும் ஒரு கடையில், ஒன்றும் கேட்காமல் ஒரு முழுக் காலைப் பொழுது முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அக்காவிடம் நீளமான நோட்டு ஒன்று, அதன் முதுகில் நூல் கட்டித் தொங்கும் பேனா. அதில் ஒரு வாடிக்கையாளரின் முழுப்பெயர்கூட இல்லை. 'மூலை வீட்டு டிரைவர்', 'மூக்குத்தி', 'இரட்டைப் பிள்ளைக்காரி' என்றுதான் எழுதியிருந்தார், அதுவும் பர்மிய எழுத்தில். எங்கள் செயலியோ முழுப்பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் அடுத்த திரைக்கே விடாது.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைசியில்தான் கவனித்தேன். பணம் கொடுக்க வந்தவரின் பக்கம் அக்கா நோட்டைத் திருப்பி வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, ஒரு நொடி பேனாவை எடுக்காமல் இருந்தார். வந்தவர் தலையசைத்த பிறகுதான் நோட்டு மூடப்பட்டது. கடன் தீர்ந்ததற்கு அந்தக் கோடுதான் ரசீது, இரண்டு பேரும் சாட்சி. எங்கள் செயலியில் 'கட்டியாயிற்று' என்று தொட்டால் அந்த வரி சத்தமில்லாமல் மறைந்துபோகும். அதுவும் கடைக்காரரின் உள்ளங்கையில், எதிரே நிற்பவருக்குத் தெரியாமல். வேகமாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட அதே அம்சம்தான், "உள்ளே என்ன எழுதினாங்களோ" என்ற சந்தேகத்தை வாடிக்கையாளர் மனதில் கிளப்பியிருக்கும். எந்த வினாத்தாளும் இதை எனக்குச் சொல்லியிருக்காது, ஏனென்றால் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

செயலியைக் கையில் கொடுத்துச் சோதிக்கும்போது, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் முறை ஒன்று உண்டு. எரிக்சன், சைமன் என்ற ஆய்வாளர்கள் அதற்கான உளவியல் அடிப்படையை 1984இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே சொல்வது நம்பத்தக்கது, அதற்கு விளக்கம் கேட்கத் தொடங்கினால் ஓட்டமே மாறிவிடும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் நம் கடைகளில் தனியாகப் பேசச் சொன்னால் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நான் கணவன் மனைவி இருவரையும் ஒரே கைப்பேசியோடு உட்கார வைத்துவிடுவேன். "அங்க இல்ல, மேல பாருங்க", "இதைத் தொட்டா காசு போயிருமா?" என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். திட்டுவது தமிழில், காசு எண்ணுவது பர்மியத்தில். எந்தச் சொல் திரையில் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போது இன்னொன்றும் கேட்பீர்கள்: "எனக்குத்தான் தெரியலம்மா." 2019 அக்டோபர் 1 முதல் நாடு சோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையிலிருந்து, உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறிய காலத்தில், கைப்பேசியில் எழுத்துகள் சிதைந்து தெரிந்தபோது, கண் மங்கிவிட்டது என்று கண்ணாடியைத் துடைத்த பெரியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கருவியின் பிழையைத் தன் பிழையாக எடுத்துக்கொள்பவர் புகார் செய்ய மாட்டார். பேசாமல் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். உங்களிடமிருந்து காணாமல்போன கடைகளில் சில இப்படிப் போயிருக்கலாம்.

உங்கள் மேலாளரின் ஏழுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஏழு வந்தது உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் கட்டுரையிலிருந்து. அவர் 1956இல் எழுதியது, ஒரு பார்வையில் மனிதன் பிரித்தறியக்கூடியதன் அளவையும், மனதில் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளக்கூடியதன் அளவையும் பற்றி. பின்னாளில் கோவன் என்ற உளவியலாளர் (2001) தாங்கும் அளவை நான்கு கூறுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். முகப்பில் இருக்கும் பட்டியல் கண்ணெதிரிலேயே இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, எனவே எட்டாவது தெரிவால் குடிமுழுகிவிடாது. மில்லர் உங்களுக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுவார். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு, செயலிக்குத் திரும்பி, அதற்குள் ஒரு கிலோ சர்க்கரை கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்லி, பிறகு அந்த எண்ணை அடிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், நினைவு உடைவது அங்கேதான். அந்த எண்ணைச் செயலியே எடுத்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் மூன்று மூன்றாகப் பிரித்தாவது காட்டட்டும். நீலப் பொத்தானைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பிடித்திருந்தால் நீலமாகவே இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது இதுதான். கைவிட்ட 36 கடைகளில் மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்களை ஏற்கெனவே முகம் பார்த்தவர்கள் என்பதால், முடிந்தால் அலுவலகத்திலிருந்து வேறு ஒருவரை அனுப்புங்கள். செயலியைப் பற்றிப் பேச வேண்டாம். "நேற்று கடைசியாகப் பற்று வாங்கியவர் யார், அதை எப்படி எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி கொடுத்தால், வாடிக்கையாளர்களின் அடையாளங்களை மறைத்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை உங்கள் செயலியின் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.