முதுகில் மெலனோமா, பிராஃப் வி600இ: வெயிலுக்குத் தொடர்பில்லையா?

அப்பாவுக்கு வெயில் படாத முதுகில் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்), ரிப்போர்ட்டில் பிராஃப் வி600இ (பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம்), அப்படியென்றால் வெயில் காரணமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரி. வெயிலின் புற ஊதாக் கதிர் வழக்கமாக டிஎன்ஏ-வின் எழுத்துகளில் சைட்டோசினைத் தைமினாக மாற்றும். வி600இ-யில் தைமின் அடினினாகிறது, அதாவது வெயிலின் வழக்கமான கைரேகை இல்லை. அதற்காக வெயிலை விட்டுவிட முடியாது. எப்போதாவது சட்டையில்லாமல் கடும் வெயில் பட்ட உடம்பில்தான் இந்த மாற்றம் அதிகம் தெரிகிறது. மாறிய பிராஃப், பொத்தான் சிக்கிக்கொண்ட அழைப்புமணி மாதிரி, வெளியிலிருந்து கட்டளை வராமலே மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாக ‘வளர், வளர்’ என்று செல்லை நச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் சாதாரண மச்சங்களிலும் இதே மாற்றம் உண்டு (பலருக்கு இது தெரியாது), புற்றாக மேலும் சேதம் சேர வேண்டும், அதில் வெயிலுக்குப் பெரிய பங்கு. அப்புறம், பிராஃபையும் மெக்கையும் அடக்கும் டப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் மாத்திரைகள் அப்பாவின் நோய்க் கட்டத்துக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.