எட்டுப் பேர் வீட்டில் பதினேழு பேர்

கேள்வி: கணவனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்காக எங்கள் மகளிர் குழு இரண்டு வருடமாக ஒரு வாடகை வீட்டில் அடைக்கலம் நடத்துகிறது. எட்டுப் பேருக்குத்தான் இடம். இப்போது குழந்தைகளோடு பதினேழு பேர். நேற்று ராத்திரியும் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வது அம்மா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: சேர்த்துக்கொண்டீர்கள்தானே? சரி, இப்போது பேசலாம்.

லண்டனில் சிஸ்விக் என்ற பகுதியில், 1971இல் எரின் பிட்சியும் சில பெண்களும் ஒரு சின்ன வீட்டைத் திறந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேச ஓர் இடம், அவ்வளவுதான் எண்ணம். அடிபட்ட ஒருத்தி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. வீடு அடைக்கலமாகிவிட்டது. பெரிய வீட்டுக்கு மாறினார்கள், அதுவும் நிரம்பியது. 36 பேருக்கு மேல் கூடாது என்று உள்ளாட்சி வரம்பு வைத்திருக்க, ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 75 பேர்! வழக்கு அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. நாங்கள் எல்லோரும் ஒரே குடித்தனம், அதனால் வரம்பு எங்களுக்குப் பொருந்தாது என்று பிட்சி தரப்பு வாதாடியது. வருவதும் போவதுமாக இருக்கும் இத்தனை பேர் எப்படி ஒரே குடித்தனம் என்று 1977இல் சபை தள்ளிவிட்டது.

என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். ராத்திரியில் தீப்பிடித்தால் 75 பேர் எந்த வாசல் வழியாக ஓடுவார்கள்? ஆனால் கதவை அடைக்காத பிட்சியின் பிடிவாதத்தையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பாரத்தை இறக்கியது வேறு வழி. மற்ற ஊர்களிலும் இப்படி வீடுகள் தோன்றி, 1974இல் கூட்டமைப்பே அமைத்துக்கொண்டன. அதே 1977இல் அங்கே வந்த ஒரு சட்டம், அடிக்குப் பயந்து வீடு திரும்ப முடியாதவளும் வீடற்றவள்தான், உள்ளாட்சி அவளுக்கு உதவ வேண்டும் என்றது. உள்ளே வந்தவள் வெளியே போக ஒரு வழி பிறந்தது.

உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் நாலு பாய் வாங்காதீர்கள். அந்தப் பதினேழு பேரில் எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், யாருக்கு வாடகை அட்வான்ஸ் மட்டும் இருந்தால் தனியாகப் போய்விடுவாள் என்று உட்கார்ந்து எழுதுங்கள். குழுவின் பணம் முதலில் அந்த அட்வான்ஸுக்குப் போகட்டும். கணவன் வீட்டிலேயே குடியிருக்க நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உரிமை தருகிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. யாராவது துணிந்தால், அந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள்.

ராத்திரி வருகிறவர்களுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கூப்பிட்டு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேளுங்கள். அங்கே சில நாள்தான் தங்கலாம், ஆனால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம், கலெக்டரிடம் உரிமம் வாங்கியாகிவிட்டதா? தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் இல்லம் நடத்த அது கட்டாயம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று. நான் வேலை பார்த்த இல்லத்தில் பெரிய சண்டையெல்லாம் காலை ஏழு மணிக்கு, குளியலறை வாசலில்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் முதலில் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். பாதிச் சண்டை நின்றது. மீதிப் பாதி சமையலறைக்குப் போய்விட்டது.