வளர்ப்புப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்களுக்குக் குழந்தை இல்லை. காப்பகத்துக் குழந்தை ஒன்றை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்தால், அது எங்கள் பிள்ளையாகிவிடுமா? (திருவையாறு)

ஆகாது. தத்தெடுத்தால்தான் சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழந்தையைத் தற்காலிகமாக உங்கள் வீட்டில் வளர்ப்பது; இதில் பெற்றோர் உறவு அறுவதில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டு ஒப்படைக்கும்; பெற்றோர் நிலைமை சீரானால் அவர்களிடமே திருப்பி அனுப்பவும் செய்யும். குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டால், இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்துக் கோரலாம் என்கிறது மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல். ஆனால் அதை நம்பி இதில் இறங்காதீர்கள். திருப்பி அனுப்ப மனம் ஒப்பாது என்றால் தத்துக்கே பதிவு செய்யுங்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

திருமணமாகாத ஆசிரியை நான், வயது 42. விண்ணப்பிக்கலாமா? (மன்னார்குடி)

தாராளமாக. 2024 முதல் தனியாக வாழ்பவர்களுக்கும் அனுமதி உண்டு. விண்ணப்பிக்கும் முறையை உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

பதினான்கு வயதுப் பையன் வந்து சில மாதங்கள் ஆகின்றன. தலையணை உறைக்குள் முறுக்கும் பிஸ்கட்டும் ஒளித்து வைக்கிறான். மூன்று வேளையும் வயிறாரச் சோறு போடுகிறோம். பார்க்கிறவர்கள் பட்டினி போடுகிறோம் என்று நினைக்க மாட்டார்களா? (நாகப்பட்டினம்)

உங்கள் மன வருத்தம் புரிகிறது. ஆனால் இது திருட்டும் இல்லை, நன்றிகெட்டத்தனமும் இல்லை. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு, உங்கள் வீட்டுப் பானை நிறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளுக்குள் இருக்கும் பயம் நம்பாது. மூடி போட்ட டப்பா ஒன்றை அவனுடையது என்று கொடுங்கள். கடலை உருண்டை, முறுக்கு, அவனுக்குப் பிடித்தது எதுவானாலும் இருக்கட்டும். தீர்ந்தால் கேள்வி கேட்காமல் நிரப்புங்கள். படுக்கையில் எறும்பு வந்தால் எறும்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். உறவினர் எதிரில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். இந்த வயதில் அவமானத்தை மறக்க மாட்டார்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்காதவன், சேர்ந்து சைக்கிள் துடைக்கும்போதோ வரப்பில் நடக்கும்போதோ தானாகப் பேசுவான். மாதக்கணக்கில் ஆகலாம். தூக்கமும் கெட்டால் பாதுகாப்பு அலகின் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எங்களிடம் வளரும் பெண்ணை அவள் அம்மா பார்த்துவிட்டுப் போனால், இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (மயிலாடுதுறை)

கூடாது. சந்திப்பை நிறுத்தும் அதிகாரம் நலக் குழுவுக்கே உண்டு. பெற்றவளைப் பிரிகிற துக்கத்தில் சாப்பிடாமல் இருக்கிறாள். உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். போன பிறகு அழுதால் அழவிடுங்கள். அந்தத் தாயைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் உங்கள் வீட்டில் எழக் கூடாது, பக்கத்து வீட்டாரிடம்கூட. சந்திப்பில் அடி, மிரட்டல் என்று ஏதாவது நடந்தால் அது வேறு; உடனே குழுவிடம் தெரிவியுங்கள், அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பையனுக்கு அடுத்த ஆண்டு 18. அனுப்பிவிட வேண்டுமா? (கும்பகோணம்)

வளர்ப்புப் பராமரிப்புக்கு அரசு தரும் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை நிற்கும். அவனும் நீங்களும் விரும்பினால், உங்கள் வீட்டில் தொடர்ந்து இருப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. 18 வயதாகிக் காப்பகத்திலிருந்து வெளியேறுவோருக்கு அரசு தரும் பிற்காப்பு உதவி அவனுக்கும் கிடைக்குமா என்று இப்போதே அலகில் கேளுங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், அவன் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பிறந்தநாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கையில் இவைதான் காலை வாரிவிடும். அதற்கெல்லாம் முன்னால், இங்கேயே இருக்கலாம் என்பதை இந்த வாரமே அவனிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவனாகக் கேட்க மாட்டான்.