ஞாயிறு டியூட்டியும் பூசையும்
சகோதரி, மருத்துவமனையில் ஞாயிறு ஷிஃப்ட், கோவிலில் பூசை (திருப்பலி) தவறுகிறது, படுத்தாலும் மனம் அடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். நோயாளியை விட்டு வர முடியாதவரைத் திருச்சபை குறை சொல்வதில்லை. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்கும் கடமைக்கு, சனிக்கிழமை மாலைத் திருப்பலியே சேரும். பலருக்கு இது தெரியாது.

சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் 1888இலிருந்து நம் தமிழ் மக்களின் கோவில். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். திருப்பலி நேரங்களை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பூசை இல்லாத நேரத்திலும் இயேசுவின் திருவுடலான நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழை முன் கொஞ்சம் உட்காருங்கள். எதுவும் கேட்கவே வேண்டாம், அவர் முன்னால் இருந்தால் போதும்.

தூங்குமுன் விவிலியத்தின் 4ஆம் திருப்பாடல் வாசியுங்கள். எட்டே வசனம்தான், திருச்சபையின் இரவு மன்றாட்டிலும் வரும். களைத்த உடம்புக்கு நீண்ட ஜெபத்தைவிட இதுவே நல்லது என்பேன். ரோஸ்டர் வந்ததும் எந்தச் சனி காலி என்று எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.