தயிர் இல்லாமல் கறி மசாலா சிக்கன் சாலட்

கேள்வி: என் மகளுக்குப் பால் ஒவ்வாமை இருப்பதால் தயிர், நெய், வெண்ணெய் எதையும் சேர்ப்பதில்லை. அலுவலகத்துக்கு மதிய உணவாகக் கறி மசாலா சேர்த்த சிக்கன் சாலட் கொடுத்தனுப்ப விரும்புகிறேன். மயோனைஸ் சேர்க்கலாமா? தயிருக்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது?
- வாசகி, திருப்பூர்

பதில்: எண்ணெய், முட்டை, எலுமிச்சைச் சாறு சேர்த்து அடிக்கும் மயோனைஸில் பால் கிடையாது. ஆனால் நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் முட்டையில்லாத மயோனைஸ் சிலவற்றில் பால் பவுடர் சேர்த்திருப்பார்கள் என்பதால், பொட்டலத்தின் பின்புறமுள்ள ஒவ்வாமைக் குறிப்பைப் படிக்காமல் வாங்க வேண்டாம். வீட்டிலேயே பச்சை முட்டையை அடித்துச் செய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததை அறிந்திருப்பீர்கள்.

இந்த வகை சாலட்டுகளில் புகழ்பெற்றது, 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்காக லண்டனில் சமையல் பள்ளி நடத்திய ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கிய ‘கொரோனேஷன் சிக்கன்’. அதன் சாஸில் பால் பொருள் என்று இருந்தது, கடைசியில் கலக்கும் சிறிதளவு க்ரீம் மட்டுமே. சுவைக்கு அடிப்படை, வெங்காயத்துடன் எண்ணெயில் வதக்கிய கறித்தூள்தான். இதைத்தான் பலரும் விட்டுவிட்டுப் பச்சைத் தூளை அப்படியே தூவிவிடுகிறார்கள். பிறகு தயிர் இல்லாததால்தான் ருசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனவே முதலில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய நான்கு சின்ன வெங்காயத்தை வதக்கி, அடுப்பைத் தணித்து, ஒன்றரைத் தேக்கரண்டி கறி மசாலாத் தூளைச் சேர்த்து, கருகாமலிருக்கச் சிறிது தண்ணீர் தெளித்து, பச்சை வாசனை போய் ஓரங்களில் எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். அது ஆறியதும், வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய 20 முந்திரிப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றோடு சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் மைய அரையுங்கள். தயிரின் புளிப்பை எலுமிச்சையும், அதன் குழைவை முந்திரியும் ஈடுசெய்யும். முந்திரியும் ஆகாதென்றால் கெட்டியான முதல் தேங்காய்ப்பால் சேர்க்கலாம். ஆனால் திருப்பூர் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், மதிய டப்பாவுக்கு எனக்கு முந்திரிதான் திருப்தி.

எலும்பில்லாத 300 கிராம் நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், மிளகு சேர்த்த தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் வேகவைத்து, நடுப்பகுதி வெந்ததைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தண்ணீரிலேயே சற்று நேரம் விட்டால் கறி வறண்டுபோகாது. நன்றாக ஆறிய பிறகே உதிர்த்து மசாலாவில் கலக்குங்கள். சூடாகக் கலந்தால் நீர்த்துவிடும். ஆப்பிள் துண்டுகள், உலர் திராட்சை, வெங்காயத்தாள் சேர்க்கலாம். வெள்ளரிக்காய் தண்ணீர் விடும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

முதல் நாள் இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்தால் மசாலா கறியில் நன்கு ஊறும். காலையில் ஐஸ் பையுடன் அனுப்பி, அலுவலகம் போனதும் அங்குள்ள குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உடன் ரொட்டி கொடுப்பதானால், சில ரொட்டிகளில் பால் பவுடர் இருக்கும் என்பதால் அதன் உறையையும் படித்துப் பாருங்கள். நெய் தடவாத சப்பாத்தி கவலையில்லாதது. அதைச் சுடும் கல்லிலும் கரண்டியிலும் நெய்யோ வெண்ணெயோ ஒட்டியிருக்கக் கூடாது.