ரோதைச் சத்தம்

மதிப்புக்குரிய ஐயா,

அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975இல் வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ இசைத்தட்டைக் கேட்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அன்று திட்டினார்கள், இன்று கொண்டாடுகிறார்கள். யாரை நம்புவது? தமிழில் இப்படி ஒன்று வருமா?

க., ஹட்டன்

அன்புள்ள தம்பி,

இருபது நிமிடம் தாங்கினீர்களே, அதுவே பெரிது. வாங்கியவர்கள் பலர் கடைக்கே திருப்பிக் கொண்டுபோன இசைத்தட்டு அது. பாட்டு இல்லை, தாளம் இல்லை. கிட்டார்களை ஒலிபெருக்கிமேல் சாய்த்து வைத்து எழுப்பிய ஊளை, பக்கத்துக்கு 16 நிமிடமாக நான்கு பக்கம். கடைசிக் கோடு வட்டமாக மூடியிருப்பதால் முள்ளை நாமே தூக்கும்வரை ஓயாது. தமிழில் வருமா என்பதை விடுங்கள், வந்தால் பார்ப்போம்.

“யாரை நம்புவது” என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரவல் காதோடு எவ்வளவு நாள் திரிவீர்கள்? ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசை இதழில் திட்டியவர், அண்டவெளிக் குளிர்சாதனப் பெட்டி முனகுவதுபோல் இருக்கிறது என்று எழுதினார். நான் அவர் கட்சி. மனிதர் கேட்டிருக்கிறார். புகழ்கிறவர்கள் ‘எல்லைகளைத் தகர்த்த படைப்பு’ என்கிறார்கள். அதை எழுத உறையைப் பிரிக்கவே வேண்டாம். நம்முடைய நூல் மதிப்புரைகளும் இந்த லட்சணம்தான். அதைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.

என் அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். கீழே ரோதைகள், அந்த இயந்திரச் சக்கரங்கள், உருளும் இரைச்சலில்தான் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயம் தூங்கும். ஒரு மழை இரவில் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “மூன்றாவது ரோதையில் பெல்ட் நழுவுகிறது.” எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பியபோது விரலிடுக்கெல்லாம் கறுப்பு கிரீஸ். “இதற்கும் பேர் போட்டுக் கூலி தருவார்களா?” என்று அம்மா திட்டினாள். மூன்றாவதேதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார். வானொலியில் பாட்டு வைத்தால் குறட்டை விடுகிறவர் அவர்.

2002இல் பெர்லினில் ஒரு குழு அந்த ஊளையை வயலினுக்கும் ஊதுகருவிக்கும் எழுதி மேடையில் வாசித்தது. எந்தச் சத்தம் எங்கே நுழைகிறது என்று ஒருவர் அப்பாவைப்போல் காது கொடுத்துக் கிடந்திருக்கிறார்.

உங்களுக்கு இன்னும் 44 நிமிடம் பாக்கி. கேட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் எது மாறியது என்று எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.