சேசு சபைக் காப்பகத்தில் எதைத் தேடலாம்? கேள்வி பதில்

உவரியிலிருந்து: அண்ணாச்சி, எங்க பூட்டன் பேரு ராயப்பன். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாப் புரட்டியும் காணோம். கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல உள்ள சேசு சபைக் காப்பகத்துல இருக்குமா?

தம்பி, பேரு அந்தப் பதிவேட்டிலேயே இருக்கும். லத்தீனில் எழுதியது, அதனால் ‘பேத்ருஸ்’ என்று தேடுங்க. பேதுரு நமக்கு ராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், ஸ்தேவான் முடியப்பர், யோசேப்பு சூசையப்பர். ‘ஃபிலியுஸ்’ என்றால் மகன், அதை அடுத்து வருவது தகப்பன் பேரு. பிரெஞ்சு சாமிமார் எழுதியிருந்தால் முத்து, மாடத்தி எல்லாம் அவங்க காதில் விழுந்தபடி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். பதிவேடு பங்குக் கோயிலுக்குச் சொந்தம். செண்பகனூரில் இருப்பது சேசு சபையின், அதாவது ஜெசூட் சாமிமாரின் கடிதங்கள், தங்கள் இல்லங்களில் அன்றாடம் எழுதிவைத்த இல்லக் குறிப்பேடுகள், வரைபடங்கள், படங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: சவேரியார் காலத்துக் கடிதங்களை அங்கே பார்க்கலாமா?

அவர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அந்தக் காலத்து மூலங்களுக்கு ரோமாபுரியைத்தான் முதலில் பார்க்கணும். 1773-இல் சபையையே கலைத்துவிட்டார்கள். சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838-இல். செண்பகனூர்ச் சேகரம் அதற்குப் பிறகுதான் கனக்கிறது.

மணப்பாட்டிலிருந்து: அண்ணாச்சி, ஆச்சி வீட்டுப் படம் சட்டகத்துக் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு. உரிச்சு எடுக்கலாமா?

உரிக்காதீங்க தாயி! படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், கடற்காற்று ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்து, வெளிச்சம் பளிச்சிடாமல் சாய்வாகப் படமெடுங்க. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

தூத்துக்குடியிலிருந்து: தாத்தா ஞானஸ்நானச் சான்று உங்ககிட்ட கிடைக்குமா?

பங்குக் கோயில். மேலே உவரித் தம்பிக்குச் சொல்லியிருக்கேன்.

கயத்தாற்றிலிருந்து: வீரமாமுனிவரின் அசல் புகைப்படம் இருக்கா?

அவர் காலமானது 1747. புகைப்படக் கலை உலகுக்கு வந்தது 1839-இல். இருப்பதெல்லாம் வரைந்த படங்கள்.

வடக்கன்குளத்திலிருந்து: கோயிலுக்குள்ள சுவர் நின்ன கதைக்கெல்லாம் காப்பகம் எதுக்கு? ஊர் மானம் போகுது.

வள்ளியூரிலிருந்து: சாமிமாரே சாதிக்கு ஒத்துப் போனதை மறைக்கச் சொல்றீங்களா?

ரெண்டு பேரும் பொறுங்க. சுவர் இருந்தது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கிளையாகக் கோயில் எழுப்பி, வேளாளர் ஒருபக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம் நின்று பூசை கண்டார்கள். அதற்கு இடம் கொடுத்தது மிஷன்தான். 1910-இல் அந்தச் சுவரை இடிக்க வைத்த கௌசானல் சாமியும் அதே சபைக்காரர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது விளங்காது. இடித்தார் என்று பெருமைப்பட, எதை இடித்தார் என்பதும் வேணும். மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை மட்டும் நம்பாதீங்க, அதில் எழுதியவரின் நியாயம் தூக்கலாக இருக்கும். இல்லக் குறிப்பேட்டையும் நீதிமன்றத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படிங்க. கட்டினவன் பேரன், இடிக்கக் கேட்டவன் பேரன் இரண்டு பேருக்கும் அந்தத் தாள் சொந்தம். ஊர் மானத்துக்காக ஒரு தாளைக்கூட ஒளிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நாசரேத்திலிருந்து: தாத்தா ஞானஸ்நானம்...

பங்குக் கோயில் ஐயா! அதுவும் உங்க ஊர் சி.எஸ்.ஐ. என்றால் அந்தச் சபைப் பதிவேடு தனி.

மணப்பாட்டிலிருந்து: மறுபடியும் நான்தான். படத்துல ஒரு வெள்ளைக்கார சாமி, சுத்தி பதினோரு பிள்ளைக. எந்த வருசம்னு எப்படிக் கண்டுபிடிக்க?

எந்தச் சாமி எந்த ஊரில் என்று சபை ஆண்டுதோறும் பட்டியல் போடும். சாமி யாரென்று தெரிந்தால் வருசம் நெருங்கிவரும். அது பிறகு. ஆச்சிக்கு எத்தனை முகம் அடையாளம் தெரியும்? கண்ணாடி மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளை மட்டும் பென்சிலால் அழுத்தாமல் வரைந்து எண் போடுங்க. ஆச்சி சொல்லச் சொல்ல எண்ணுக்கு நேரே பேரை எழுதுங்க. இன்றைக்குச் சாயங்காலமே உட்காருங்க தாயி.